வேட்டுக்கு அசையாத குட்டி

பாபநாசம்
ஜூன் 18

அன்புள்ள அண்ணனுக்கு, மேரி எழுதுவது.

நீங்கள் என் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் பெரிய லாபமில்லை என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். போன மாதம் "பல்லு வலி தாங்கலண்ணே" என்று அழாத குறையாகச் சொன்னேன். "நெல்லு வெல எப்பவும் அப்படித்தான், பேசாம கொள்முதல் நிலையத்துல போட்டுடு" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். என்னிடம் ஒரு மரக்கால் நெல்கூடக் கிடையாது. பல்லைத்தான் பிடுங்கிப் போட்டேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். தபால் ஆபீஸில் உட்கார்ந்து ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள் நான். எனக்கென்று எழுத ஓர் ஆள் இப்போதுதான் கிடைத்திருக்கிறார்.

உங்கள் கோபம் எதற்கென்று தெரியும். ஆண்டனியிடம் நான் சொல்லிவிட்டேன். ஆமாம், சொன்னேன். மோட்டார் கொட்டகையில் எவனோ ஒரு திருடன் கேபிளை அறுத்துச் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறான், அடுத்த அறையில் படுத்திருந்த உங்களுக்குத் தெரியவில்லை. அறுவடை மெஷின் பின்னால் வந்தபோது டிரைவர் கத்திய கத்தில் நன்னிலமே திரும்பிப் பார்த்திருக்கும், நீங்கள் மட்டும் வரப்பில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தீர்களாம். யாரோ ஒரு புண்ணியவான் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். இதையும் உங்கள் மகனிடம் மறைத்துவிட்டு நான் எந்த முகத்தோடு பூசைக்குப் போவது?

அவன் கிறிஸ்துமஸுக்கு வரும்போது உங்களை ஓசூருக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னான். மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல். அண்ணி போன பிறகும் அந்த வயல் வீட்டை விடாமல் இருக்கிறவர் நீங்கள், அங்கே போனால் என்ன ஆவீர்கள் என்று எனக்குத் தெரியாதா? அவனிடம் மன்றாடினேன். ஆள் வந்தால், வண்டி வந்தால், குரைத்துச் சொல்கிற மாதிரி ஒரு நல்ல நாய் வீட்டில் இருந்தால் உங்களை விட்டுவைப்பாயா என்றேன். "நல்ல நாயா இருந்தா பார்க்கலாம் அத்தை" என்றான்.

நாய் என் பொறுப்பு. என்ன மாதிரி வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். கோபத்தோடு எழுதினாலும் சரி.

உங்கள் தங்கை,
பாத்திமா மேரி


நன்னிலம்
ஜூன் 27

மேரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பீடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. அன்று பற்றவைத்தது கொசுவத்தி. செய்தி சொல்கிறவர்கள் சரியாகச் சொல்ல வேண்டும்.

எனக்குக் காது மந்தம்தான். இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? மெஷின் வைத்துப் பார்த்தேன். மோட்டார் என் மண்டைக்குள்ளேயே ஓடியது. எப்படியும் படுக்கும்போது கழற்றிவிடத்தான் வேண்டும், கேபிள் திருடுகிறவன் பகலில் வருவதில்லை. அதனால் நாய் வேண்டும் என்று நீ சொல்வது நியாயம். ஓசூருக்கு நான் போகமாட்டேன். அங்கே போனால் ஒரே வருடத்தில் என்னைக் கல்லறைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவீர்கள். இதை நான் ஆண்டனியிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். நீ சொல்லிவிடாதே.

நாயைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கவனமாகப் படி. பிரின்ஸை உனக்கு நினைவிருக்கும். ஆண்டனி கடையில் வாங்கி வந்த லேப்ரடார். தாயும் தகப்பனும் பரிசு வாங்கியவை என்று கடைக்காரன் சொன்னான், இரண்டையும் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. நாலு வயதில் பின்னங்கால் இழுக்க ஆரம்பித்தது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இடுப்புக் கிண்ணமே சரியாக அமையவில்லை, பிறவியிலேயே வருவது, தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்திருக்கும் என்றார். அதற்குப் பிறகு காலைக்கடனுக்கு நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போவேன். வலி பொறுக்காமல் என் கையைக் கடிக்கும். கடித்துவிட்டு அதே கையை நக்கும். அந்த வேதனை எனக்கு இன்னொரு முறை வேண்டாம் மேரி. நாய்க்கும் வேண்டாம்.

ஆகவே தாயைப் பார். தகப்பனைப் பார். இதற்கு முந்தைய ஈற்றுக் குட்டிகள் எங்கே இருக்கின்றன, எப்படி இருக்கின்றன என்று கேள். காட்டமாட்டேன் என்கிறவனிடம் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதே. நிறத்தைப் பார்த்து மயங்காதே. உனக்குச் சேலைக்கடையில் நடப்பது இங்கேயும் நடக்கும் என்று பயமாக இருக்கிறது.

பல்லு வலி இப்போது எப்படி இருக்கிறது?

சவரியப்பன்


பாபநாசம்
ஆகஸ்ட் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

குட்டி கிடைத்துவிட்டது. என் மடியில் படுத்திருக்கிறது, அதைத் தாண்டிக் கையை நீட்டித்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்கு வெளியே தியாகராசன் என்று ஒருவர் ராஜபாளையம் நாய் வளர்க்கிறார். உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டேன், சேலைக்கடை என்ற பேச்சே வேண்டாம். தாயைக் காட்டினார். தகப்பனைக் காட்டினார். இரண்டும் பால் வெள்ளை, மூக்கு ரோஜா நிறம். முந்தைய ஈற்றுக் குட்டிகளெல்லாம் நல்ல வீடுகளுக்குப் போயிருக்கின்றனவாம். பரம்பரை எப்படி என்று கேட்டேன். "பத்து தலைமுறையா வெளி ரத்தம் கலக்கலம்மா" என்றார். தாய்க்குத் தகப்பன் என்ன உறவு என்றுகூடக் கேட்டேன். "தாய்மாமன் முறைங்க" என்றார். முறை தப்பவில்லை என்று கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நம் சின்னம்மா வீட்டிலும் தாய்மாமனுக்குத்தானே கொடுத்தார்கள், நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

ஆறு குட்டியில் எதை எடுப்பது என்று குழம்பி நின்றேன். நேற்று மாதா தேர். அவர் கொட்டகைக்கு எதிரிலேயே தேர் திரும்பும் இடம். வேட்டுப் போட்டார்கள் பாருங்கள், எனக்கே நெஞ்சு அதிர்ந்தது. மற்றக் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தாயின் வயிற்றுக்கு அடியில் புகுந்துகொண்டன. இவன் மட்டும் வெயிலில் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு காதுகூட ஆடவில்லை. "இது வீரன்மா. வேட்டுக்கே அசையாது, திருடனுக்கா பயப்படும்?" என்றார் தியாகராசன். உடனே தூக்கிக்கொண்டேன்.

ஊசிகள் முடிகிற வரையில் என்னிடம் இருக்கட்டும். பிறகு கொண்டுவந்து விடுகிறேன். ஆண்டனிக்கும் படம் அனுப்பிவிட்டேன். "சூப்பர் அத்தை" என்று பதில் வந்தது. இனி ஓசூரை மறந்துவிடலாம்.

சந்தோஷத்துடன்,
மேரி


நன்னிலம்
ஆகஸ்ட் 20

மேரிக்கு,

வேட்டுச் சத்தத்தில் தூங்குகிற ஓர் ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிறேன். அவன் வீரன் கிடையாது.

குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் போய் நின்று ஒரு தட்டைக் கீழே போடு. மண்தரையில் போடு, சிமெண்டுத் தரையில் போட்டால் அதிர்ச்சி காலில் தெரிந்துவிடும். என்ன நடந்தது என்று எழுது.

சவரியப்பன்


பாபநாசம்
ஆகஸ்ட் 26

அண்ணனுக்கு,

தட்டைப் போட்டேன். பக்கத்து வீட்டுப் பூனை மதில் ஏறி ஓடியது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்து "என்ன ஆச்சு டீச்சர்" என்றாள். நான் டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள். குட்டி என் செருப்பைக் கடித்துக்கொண்டே இருந்தான். மூடியைப் போட்டேன், குக்கரைப் போட்டேன். என் நிழல் அவன்மேல் விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்து வாலை ஆட்டினான்.

கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா கைதட்டிப் பார்த்தார், சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தார். "மெஷின் வச்சுப் பார்க்கணும்னா பெரிய ஊருக்குத்தான் போகணும். இவனுக்கு அது தேவையில்லம்மா. ரெண்டு காதும் கேட்கல" என்றார். முழு வெள்ளையில் இது வருகிற வாய்ப்பு அதிகமாம். வெள்ளைக்காகவே ஒரே ரத்தத்துக்குள் சேர்த்துச் சேர்த்து விடும்போது அது இன்னும் கூடிவிடுமாம். தாய்மாமன் முறை என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நாய்க்கு முறை கிடையாதும்மா, ரத்தம்தான்" என்றார். மனுஷருக்கும் அதுதானே என்று கேட்க வாய் வந்தது, சின்னம்மாவை நினைத்து மூடிக்கொண்டேன்.

தியாகராசனிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை. "நாய்க்குக் காது எதுக்கும்மா, மூக்கு போதும்" என்றார். முந்தைய ஈற்றிலும் இப்படி இருந்ததா என்று கேட்டேன். "ரெண்டு மூணு வீட்ல சொன்னாங்க" என்றார், ஏதோ கறிவேப்பிலை பட்டுப்போனதைச் சொல்கிற மாதிரி. அடுத்த முறையும் இதே ஜோடிதானாம். வெள்ளை சுத்தமாக விழுகிறதாம். வேண்டுமானால் குட்டியை மாற்றித் தருகிறேன் என்றார். இவனை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதை நான் பார்த்துக்கிறேன்" என்றார். இவன் அவருடைய செருப்பையும் மோந்து பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தான். எனக்குக் கொடுக்க மனசு வரவில்லை, தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

காது கேட்காத அண்ணனுக்காக ஊரெல்லாம் தேடிக் காது கேட்காத நாயைப் பிடித்து வந்திருக்கிறேன். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீங்கள் எழுதிய அத்தனையும் கேட்டேன் அண்ணே. கேட்ட பதிலில் எது நல்லது எது கெட்டது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. உங்களை அந்த வீட்டிலேயே இருக்கவைக்க ஒரே ஒரு வேலையை நான் ஏற்றுக்கொண்டேன், அதையும் இப்படிச் செய்துவைத்திருக்கிறேன்.

ஆண்டனியிடம் இன்னும் சொல்லவில்லை.

மேரி


நன்னிலம்
செப்டம்பர் 3

அன்புள்ள மேரிக்கு,

அழுதேன் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நான் அன்று நடவுக்குப் போகவில்லை. ஆட்களை விட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். நீ செய்ததில் தப்பு ஒன்றும் கிடையாது. வேட்டுச் சத்தத்தை நீ எனக்கு எழுதாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? உள்ளதை உள்ளபடி எழுதினாய், அது போதும்.

குட்டியைத் திருப்பிக் கொடுக்காதது சரி. அதை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்கிறேன். இந்த விஷயத்தில் டாக்டரைவிட எனக்கு அனுபவம் அதிகம்.

பின்னால் வந்து தொடாதே. தூங்கும்போது தொட்டு எழுப்பாதே, திடுக்கிட்டுக் கடிக்கும். எனக்கும் அப்படித்தான் இருக்கும், நான் கடிப்பதில்லை, அவ்வளவுதான். எழுப்ப வேண்டுமானால் மூக்குக்கு முன்னால் கையை வை, வாசனையில் எழுந்துவிடும். கூப்பிட வேண்டுமானால் தரையைக் காலால் உதை. சாப்பாட்டுக்கு ஒரு கைச்சாடை, வெளியே போக ஒரு கைச்சாடை என்று வைத்துக்கொள், மாற்றாதே. பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசு. காதில் விழாது என்று பேசாமல் இருந்துவிடாதே. அதுதான் இருப்பதிலேயே கஷ்டம். நம் ஆட்கள் எல்லாரும் என்னிடம் பேசுவதைக் குறைத்துவிட்டார்கள். நீ ஒருத்திதான் திட்டுவதற்காவது கடிதம் எழுதுகிறாய். தெருவில் தனியாக விடாதே, வண்டி வருவது தெரியாது. அறுவடை மெஷின் விஷயம் உனக்கே தெரியும்.

எனக்கு வேறு நாய் பார்ப்போம். காது கேட்கிறதாகப் பார்ப்போம். உரக்கடையில் ஒருவர் சொன்னார், தரங்கம்பாடி பக்கம் ஜெக்கரியா என்பவர் சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறாராம். அரபு நாட்டில் ஒரு ஷேக்கின் வேட்டை நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பியவராம். "ரொம்பத் திமிர் புடிச்ச ஆளுங்க, எல்லாருக்கும் குடுக்க மாட்டாரு" என்று அந்த உரக்கடைக்காரர் குறையாகச் சொன்னார். எனக்கு அது குறையாகப் படவில்லை. நடவு முடியும்வரை என்னால் நகர முடியாது. நீ போய்ப் பார்.

குட்டிக்குப் பெயர் வைத்தாயா?

சவரியப்பன்


பாபநாசம்
செப்டம்பர் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

தந்தி என்று வைத்திருக்கிறேன். ஆபீஸில் நான் கடைசியாக மூடிய பிரிவு அது. கைச்சாடை இரண்டு கற்றுக்கொண்டுவிட்டான், மூன்றாவதாக ஒன்றை அவனே எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறான். முன்னங்காலை என் பாதத்தின்மேல் வைத்தால் பிஸ்கட் என்று அர்த்தம்.

தரங்கம்பாடி போய் வந்தேன். அப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததே இல்லை. கேள்வி கேட்கப் போனவள் நான். என்னை உட்காரவைத்து அவர் கேட்டார். வீட்டுக்கு வேலி உண்டா? பகலில் யார் இருப்பார்கள்? இதற்கு முன் வளர்த்த நாய் எப்படிச் செத்தது? பிரின்ஸ் கதையைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார், உடனே அடுத்த கேள்வியைக் கேட்டார். என் மகள் ஆஷ்லினைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை.

தோட்டத்தில் நாய்களுக்குத் தனிக் கொட்டகை, வீடு கொஞ்சம் தள்ளி. வீட்டுக்குள் போகும்முன் கைகால் கழுவி வேட்டி மாற்றிக்கொண்டுதான் போகிறார். அவர் மனைவி கமருன்னிஸாதான் குட்டி வாங்கிப்போன எல்லாருக்கும் போன் போட்டு, இருமுகிறதா, கண்ணில் நீர் வடிகிறதா, நொண்டுகிறதா என்று விசாரிக்கிறவர். கட்டிக்கொடுத்த பெண்ணைப் பற்றி விசாரிப்பதுபோலத்தான் பேசுகிறார். கொட்டகையில் ஓர் அழகான கறுப்பு நாய் இருந்தது. இதன் குட்டி கிடைக்குமா என்றேன். "இதுக்கு ஒரு ஈத்துல ரெண்டு குட்டிக்கு சின்ன வயசுலேயே பார்வை போச்சு. அத்தோட இதுக்கும் ஜோடிக்கும் கருத்தடை ஆபரேஷன் பண்ணிட்டேன். சோறு போட்டு வச்சிருக்கேன்" என்றார். அந்தக் குட்டிகளை வாங்கியவர்கள் பெயரையும் மறைக்காமல் சொன்னார், வேண்டுமானால் பேசிப் பாருங்கள் என்றார்.

இப்போது சினையாக இருக்கிற நாய் வேறு. தகப்பன் வேறு மாவட்டத்து நாய், ரத்தத்தில் சம்பந்தமே இல்லை என்பதற்கு நாலு தலைமுறையை வரிசையாகச் சொன்னார். என்ன முறை வேண்டும் என்று இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அக்டோபரில் ஈனும். எட்டு வாரம் தாயிடம் இருக்கும், காதும் கண்ணும் பார்த்த பிறகுதான் தருவாராம்.

இனிமேல் சொல்வதற்கு நீங்கள் கோபப்படக் கூடாது. உங்கள் வயதைக் கேட்டார், சொன்னேன். "நாய் பதினாலு வருஷம் இருக்கும்மா. அண்ணனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பார்த்துக்குவா? ரெண்டாவது ஆள் ஒருத்தர் பேர் எழுதிக் குடுத்தாத்தான் குட்டி. அவங்களாலயும் முடியலன்னா எங்கிட்டயே கொண்டாந்து விட்டுடணும், தெருவுல விடக்கூடாது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்களும் நேரில் வர வேண்டுமாம். ஆளைப் பார்க்காமல் கொடுக்கமாட்டாராம்.

கிறிஸ்துமஸுக்குள் கிடைத்துவிடும். ஆண்டனியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "வந்து பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்கிறான். அவன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

மேரி


நன்னிலம்
அக்டோபர் 10

மேரிக்கு,

என் வயதைப் பற்றிக் கேட்ட அந்த ஆளை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் தரங்கம்பாடிக்கு பஸ் ஏறினேன். போன இடத்தில் அவர் மதியச் சாப்பாடு போட்டுவிட்டார். பிறகு பேசினார். நிறைய பேசினார். பாதி என் காதில் விழவில்லை, அதனால் சண்டை வரவில்லை.

விழுந்ததில் முக்கியமானதைச் சொல்கிறேன். "உங்களுக்கு நாய் குரைச்சுப் பிரயோஜனம் இல்ல அண்ணே. அது உங்ககிட்ட வந்து தொட்டுச் சொல்லணும். ஆள்கிட்ட ஓடி ஓடி வர்ற குட்டியா பார்த்துத் தர்றேன்" என்றார். அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. உனக்கும் தோன்றியிருக்காது. பார்க்காமல் குட்டி தரமாட்டேன் என்றது இதற்குத்தான் போலிருக்கிறது. அவர் திமிர் பிடித்தவர்தான். இருக்கட்டும்.

ஐந்து குட்டி பிறந்திருக்கிறது. கண் இன்னும் திறக்கவில்லை. ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது மேரி, அதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

மழை வருகிறது. தாளடிப் பயிர் பச்சை பிடித்துவிட்டது. தந்தியை ஈரத்தில் விடாதே.

சவரியப்பன்


பாபநாசம்
டிசம்பர் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை குட்டியை உங்களிடம் விட்டபோது, ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய் என்று இரண்டு முறை கேட்டீர்கள். களைப்பு என்றேன். களைப்பில்லை. நேரில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அதற்கு முதல் நாள் தரங்கம்பாடியில் குட்டிகளின் காதைப் பார்த்தார்கள். ஒரு பெரிய தட்டில் பாலும் சோறும் வைத்து ஐந்தையும் சாப்பிடவிட்டார்கள். குட்டிகளுக்கு எதிரே நானும் கமருன்னிஸாவும் நின்றோம். ஜெக்கரியா எங்களுக்குப் பின்னால் போய், குட்டிகளுக்குத் தெரியாதபடி ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆட்டுக்குட்டிக் கழுத்தில் கட்டுகிற சின்ன மணி ஒன்றைக் கையில் வைத்திருந்தார். தட்டெல்லாம் போடமாட்டாராம், மெல்லிய சத்தம் கேட்கிறதா என்றுதான் பார்க்க வேண்டுமாம்.

குட்டிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. திடீரென்று எல்லாம் தலையைத் தூக்கின. திரும்பக் குனிந்தன. மறுபடி தூக்கின. அதிலும் சாம்பல் நிறக் குட்டி, இப்போது உங்களிடம் இருப்பவள், தட்டை விட்டுவிட்டு எங்களை நோக்கியே ஓடி வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "சாப்பிட்டு முடிச்சுடப் போறாங்க பாய், மணியை அடிங்க" என்றேன்.

"அடிச்சிட்டுத்தாம்மா இருக்கேன்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். மணி அவர் கையில் ஆடிக்கொண்டிருந்தது. என் முதுகுக்குப் பின்னால், கைக்கு எட்டுகிற தூரத்தில். அண்ணே, எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கமருன்னிஸா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் டீ கொடுத்தார்.

வந்து யோசித்துப் பார்த்தால் எல்லாம் புரிகிறது. ஆஷ்லின் போனில் முணுமுணுக்கிறாள் என்று எத்தனை முறை அவளைக் கடிந்துகொண்டிருக்கிறேன். மாடிப் பெண் என்னை என்னவென்று கூப்பிடுகிறாள் என்றே இப்போது சந்தேகமாக இருக்கிறது. அப்பாவுக்கும் இந்த வயதில்தான் ஆரம்பித்தது, இல்லையா? நாய்க்குத் தாய் யார், தகப்பன் யார் என்று மாவட்டம் மாவட்டமாக விசாரித்தவள், நான் யார் பெற்ற பிள்ளை என்று யோசிக்கவே இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆஷ்லினுக்குத் தெரிந்தால் திருச்சிக்கு வா என்பாள். அவள் வீடு நாலாவது மாடி. உங்களைப் பற்றி ஆண்டனியிடம் சொன்னவள்தான் நான், கேட்க எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் கேட்கிறேன். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

மேரி


நன்னிலம்
டிசம்பர் 27

அன்புள்ள மேரிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போடவில்லை என்று நீ தவித்திருப்பாய். பதிலோடு சில வேலைகளையும் முடிக்க வேண்டியிருந்தது.

முதலில் ஆண்டனி விஷயம். வந்தான், நாலு நாள் இருந்தான், நேற்று போய்விட்டான். தனியாகப் போய்விட்டான். குட்டிக்கு சலோமி என்று பெயர், பைபிள் கதையில் ராஜா முன்னால் ஆடியவள் பெயர். ஒரு நிமிஷம் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறாள், அதனால். வாசலில் வண்டி வந்தால் ஓடுகிறாள், பார்க்கிறாள், திரும்பி வந்து என் வேட்டியைப் பிடித்து இழுக்கிறாள். கற்றுக்கொண்டு செய்கிறாளா, துணி கடிக்கிற வயதா என்று எனக்கே தெரியாது. ஆண்டனி அதைச் சோதிக்கிறேன் என்று சொல்லாமல் கொள்ளாமல் கொல்லைப்பக்கமாக வந்தான். இவள் என்னை இழுத்துக்கொண்டுபோய் அவன் முன்னால் நிறுத்திவிட்டாள். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "சரிப்பா, இங்கேயே இருங்க" என்றான். அந்த வார்த்தை எனக்கு நன்றாகக் கேட்டது.

இனி உன் விஷயம். ஆஷ்லினிடம் நான் சொல்லமாட்டேன். நீயே சொல்லிவிடு. இன்னொருவர் சொல்லிப் பிள்ளைகளுக்குத் தெரியவந்தால் மனசு எவ்வளவு கசக்கும் என்று உன் போனையே எடுக்காமல் இருந்து பார்த்தவன் நான். தஞ்சாவூரில் காது டாக்டரிடம் ஜனவரி ஆறாம் தேதிக்கு டோக்கன் போட்டிருக்கிறேன், உனக்கும் எனக்கும். எனக்கு வேறு மெஷின் தருகிறார்களா என்று நானும் பார்க்கிறேன். பயப்படாதே. முதல் ஒரு வருடம்தான் கஷ்டம், அதில் ஆறு மாதத்தை நீ தெரியாமலேயே கழித்துவிட்டிருப்பாய்.

பாபநாசத்தை விட்டு நீ எங்கும் போக வேண்டாம். ஆனால் வீட்டில் கேட்கிற காது ஒன்று வேண்டும். தந்தி நல்லவன், ஆனால் உனக்கு மேல் அவன். அதனால் திரும்பவும் தரங்கம்பாடிக்குப் போனேன். ஐந்தில் ஒன்று இன்னும் அங்கேயே இருக்கிறது. நெஞ்சில் ஒரு வெள்ளைத் திட்டு விழுந்துவிட்டதாம், சென்னைக்காரர் ஒருவர் நிறம் சரியில்லை என்று வேண்டாம் என்றுவிட்டார். மணிக்கு முதலில் தலை தூக்கியது அதுதான் என்று ஜெக்கரியா சொன்னார். காது கேட்கும் நாய் பக்கத்தில் இருந்தால் தந்தியும் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வானாம்.

உன்னைக் கேட்காமலேயே உன் பெயருக்குச் சொல்லிவிட்டேன். சும்மா கொடுப்பாரா அந்த மனிதர்? "தங்கச்சிக்கு ஒண்ணு ஆச்சுன்னா ரெண்டாவது ஆள் யாரு?" என்றார். நான்தான் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணே, உங்களுக்கு அறுபத்தெட்டு. நாய் பதினாலு வருஷம் இருக்கும்" என்றார். தெரியும், எழுதுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டினார்.

உன் நாய்க்காக இன்னும் பதினாலு வருஷம் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன் மேரி. என் நாய்க்காக நீ போட்டிருக்கிறாய். இரண்டு பேரும் வாக்கு மாற முடியாது.

உன் அண்ணன்,
சவரியப்பன்